போலியோவுக்குப் போட்ட மேசை

2014 ஜூலையில் நைஜீரியாவின் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். முதல் தேதி தொடங்கிய போராட்டம் மூன்றாவது வாரமாக நீடித்தபோது, 20ஆம் தேதி லாகோஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய லைபீரிய அரசு அதிகாரி ஒருவர் அங்கேயே சரிந்து விழுந்தார். தன் நாட்டுத் தலைநகர் மன்ரோவியாவில் ஒரு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தவர் அவர். மருத்துவர்கள் சொன்னதைக் கேளாமல் வெளியேறி, அக்ரா வழியாக லோமே போய், அங்கே விமானம் மாறி லாகோஸ் வந்திருந்தார். கலபார் நகரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு நடத்தவிருந்த கூட்டத்துக்கு அவர் போயாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஆள் இல்லாததால் ஒபாலெண்டே பகுதியில் உள்ள ஃபர்ஸ்ட் கன்சல்டன்ட்ஸ் என்ற தனியார் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள்.

அப்போது லாகோஸின் மக்கள்தொகை இரண்டு கோடி என்று கணக்குச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. நெரிசலான குடியிருப்புகள், நாள்தோறும் இடம்பெயரும் கூலித் தொழிலாளர்கள், கண்டம் முழுவதற்கும் போய்வரும் விமானங்கள். அந்த நகரத்துக்குள் எபோலா நுழைந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவிலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்கும் அட்லாண்டாவிலும் இருந்த நிபுணர்கள் பயந்ததில் வியப்பில்லை. ஆனால் நடந்தது வேறு. மொத்தம் 20 பேருக்கு நோய் வந்தது, 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20ஆம் தேதி, நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே கொள்ளைநோய் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் ஓய்ந்தபோது 28,600 பேருக்கு மேல் நோயுற்றிருந்தார்கள், 11,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஒரு பெண் மருத்துவரின் துணிவு. மற்றொன்று, கைப்பேசியும் செயற்கைக்கோள் வரைபடமும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் மேலோட்டமானவை. லாகோஸைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு வேறொரு நோய்க்கு உரியது. பத்தாண்டுக் காலம் நைஜீரியாவுக்கு அவமானமாகவே இருந்த போலியோதான் அது.

மருத்துவரிலிருந்தே தொடங்கலாம். அமேயோ ஸ்டெல்லா அடடேவோ அந்த மருத்துவமனையின் மூத்த மருத்துவர். அதுவரை எபோலா நோயாளி எவரையும் அவர் பார்த்ததில்லை. நைஜீரியாவில் யாருமே பார்த்ததில்லை. வந்தவருக்கு மலேரியா என்றுதான் முதலில் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. எபோலா நோயாளிகள் எவரோடும் தொடர்பு இல்லை என்று அவர் சாதித்தார். ஆனால் அவர் புறப்பட்டு வந்த நாடு எது என்பது மருத்துவருக்குத் தெரியும். பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அவரை வெளியே விடுவதில்லை என்று உறுதியாக நின்றார் அடடேவோ. லைபீரியத் தரப்பிலிருந்து நெருக்குதல் வந்தது. அரசு அதிகாரியைப் பிடித்து வைத்திருப்பது ஆள்கடத்தலுக்குச் சமம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. அவர் மசியவில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவர், வெளிநாட்டு அரசு அதிகாரி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் தயாராக நின்ற ஏற்பாடு என்று ஒன்றும் இல்லை. கவச உடை இல்லை, தனி வார்டு இல்லை. நோய் இன்னது என்று தெரிவதற்கு முன்பே முதல் நோயாளியிடமிருந்து மருத்துவமனை ஊழியர்களுக்குத் தொற்றிவிட்டது. நைஜீரியாவில் நோயுற்ற 20 பேரில் 11 பேர் மருத்துவப் பணியாளர்கள். அவர்களில் 9 பேருக்கு நோய் வந்தது அந்தச் சில நாட்களில்தான். முதல் நோயாளி ஜூலை 25 அன்று இறந்தார். அடடேவோ ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். அவர் அன்று கதவைத் திறந்துவிட்டிருந்தால் கலபார் கூட்டத்தில் எத்தனை நாட்டு அதிகாரிகள் அந்த நோயாளியோடு கைகுலுக்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

கதவுக்கு உள்ளே நடந்தது இது. கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நோய் உறுதியானபோது விமான நிலையத்திலும் மருத்துவமனையிலுமாக முதல் நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று 72 பேரின் பட்டியல் தயாரானது. இந்த 72 பேரை யார் தேடிப் போவது? விமான நிலையம் மத்திய அரசினுடையது. நகரமும் அதன் சுகாதார ஊழியர்களும் லாகோஸ் மாநில அரசின் பொறுப்பு. ரத்தத்தைச் சோதித்த ஆய்வகம் லாகோஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆகிய நான்கும் ஆளுக்கொரு அனுபவத்தோடும் ஆளுக்கொரு படிவத்தோடும் வந்து நின்றன. போதாக்குறைக்கு, மத்தியில் ஜனாதிபதி குட்லக் ஜோனத்தனின் கட்சி ஆட்சி, லாகோஸில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பாபதுண்டே ஃபஷோலா ஆளுநர், அடுத்த ஆண்டு தேர்தல். இப்படிப்பட்ட சூழலில் ஒரு கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 23 அன்றே, அதாவது நோயாளி உயிரோடு இருந்தபோதே, லாகோஸில் ஒரு நிகழ்வு மேலாண்மை மையம் தொடங்கப்பட்டது. விரைவில் அதுவே எபோலா அவசரகாலச் செயல்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. அதற்குத் தலைமை ஏற்க வந்தவர் ஃபைசல் ஷுஐப். அவர் எங்கிருந்து வந்தார் என்பது முக்கியம். தலைநகர் அபுஜாவில் இயங்கிய தேசியப் போலியோ அவசரகால மையத்தில் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர். நோய்ப்பரவலியலில் பயிற்சி பெற்று, போலியோ பணியில் இருந்த நாற்பது மருத்துவர்களும் லாகோஸுக்கு மாற்றப்பட்டார்கள். வேலை ஆறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டது: நோய்க் கண்காணிப்பு, சிகிச்சை, ஆய்வகம், மக்கள் தொடர்பு, எல்லைச் சோதனை, இவற்றை இணைக்கும் நிர்வாகம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே தலைவர். எல்லாத் தலைவர்களுக்கும் மேல் ஒரே ஒருவர். வெளிநாட்டு நிபுணர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த ஆறில் ஒன்றுக்குள் உட்கார வேண்டும், நைஜீரியத் தலைவர் ஒருவருக்குக் கீழே.

இந்த அமைப்பு முறையின் பிறப்பிடம் மருத்துவமனை இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1970 இலையுதிர் காலத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ 13 நாட்கள் எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் சாம்பலாயின. தீயணைப்பு வண்டிகளுக்கோ ஆட்களுக்கோ பஞ்சமில்லை. ஆனால் மத்திய வனத்துறை, மாநிலத் துறை, மாவட்டத் துறை, நகரத் துறை ஒவ்வொன்றும் வெவ்வேறு வானொலி அலைவரிசையில் பேசின. ஒரே கருவிக்கு ஒவ்வொரு துறையிலும் ஒரு பெயர். ஓர் ஊரிலிருந்து உதவிக்குப் போன வண்டியும், அந்த ஊரைக் காப்பாற்ற வந்த வண்டியும் எதிரெதிரே கடந்து போனதாகச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் சம்பந்தியும் ஆளுக்கொரு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் பந்திக்கு இலை வராமல் போகும் அல்லவா, அதே கதைதான். அந்தத் தீக்குப் பின் 'ஃபயர்ஸ்கோப்' என்ற திட்டத்தில் உருவான நடைமுறை பிற்பாடு வெள்ளம், நிலநடுக்கம், கொள்ளைநோய் என்று எல்லாவற்றுக்கும் பரவியது.

அதன் விதிகள் பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. ஒரு சம்பவத்துக்கு ஒரே பொறுப்பாளர். ஒருவருக்குக் கீழே நேரடியாக மூன்றிலிருந்து ஏழு பேர் வரைதான் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும். பதவி மூப்பு வேறு, சம்பவத்தில் வகிக்கும் பொறுப்பு வேறு. கடைசி விதிதான் நம் போன்ற நாடுகளில் தொண்டையில் சிக்கும். இயக்குநர் ஒருவர், தன் துறையில் தனக்கு நான்கு படி கீழே இருப்பவரிடம் போய் அன்றைய வேலையைக் கேட்டு வாங்குவது என்பது எந்தச் சுற்றறிக்கையாலும் ஒரே நாளில் பழகிவிடும் காரியம் இல்லை.

நைஜீரியர்களுக்கு அது பழகியிருந்தது. பழக்கிவிட்டது போலியோ.

2003இல் நாட்டின் வடபகுதியில், குறிப்பாகக் கானோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்து பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி பரவி, மாநில அரசே தடுப்பு மருந்து வழங்குவதை நிறுத்தியது. பல மாதங்கள் கழித்து மீண்டும் தொடங்கியபோது நைஜீரியாவிலிருந்து வைரஸ் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டிருந்தது. 2012இல் உலகம் முழுவதும் பதிவான 223 போலியோ நோயாளிகளில் 122 பேர் நைஜீரியக் குழந்தைகள். இந்தியா 2011 ஜனவரிக்குப் பிறகு ஒரு நோயாளிகூட இல்லாமல் கரையேறிவிட்ட காலம் அது. பணமும் மருந்தும் வந்துகொண்டே இருந்தும் நோய் ஏன் போகவில்லை என்று பார்த்தபோது, அமைச்சகம் ஒரு கணக்கும் உதவி நிறுவனங்கள் ஆளுக்கொரு கணக்கும் வைத்திருப்பது தெரிந்தது. தடுப்பு மருந்து போய்ச் சேர்ந்ததாகத் தாளில் இருந்த கிராமங்கள் சிலவற்றுக்கு யாருமே போயிருக்கவில்லை. அவற்றில் சில எந்த வரைபடத்திலும் இல்லை.

2012 இறுதியில் போலியோ அவசரகால மையம் அமைக்கப்பட்டது. அமைச்சக அதிகாரியும் பன்னாட்டு நிறுவனங்களின் ஆட்களும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே கணக்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தடுப்பூசிக் குழுவினர் கையில் இடங்காட்டிக் கருவி பொருத்திய கைப்பேசி கொடுக்கப்பட்டது. மாலையில் திரையைப் பார்த்தால் எந்தக் குக்கிராமத்துக்குக் குழு போகவில்லை என்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். பொய்க் கணக்கு எழுதுவது கடினமாயிற்று. 2013 பிப்ரவரியில் கானோவில் சொட்டு மருந்து கொடுத்த பெண்களைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக் கொன்ற பிறகும் வேலை தொடர்ந்தது. 2013இல் 53 நோயாளிகள். 2014இல் 6 பேர்.

எனவே எபோலா வந்தபோது லாகோஸில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகம் இல்லை. யார் யாருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், யார் சொன்னால் யார் கேட்பார்கள், எந்த எண்ணை நம்பலாம், எந்த அதிகாரி 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று பொருள் — இவையெல்லாம் இரண்டு ஆண்டுச் சண்டையில் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தன. ஒருங்கிணைப்பு என்று அறிக்கைகளில் எழுதப்படுவது நடைமுறையில் இதுதான் என்பது என் கருத்து. பேரிடர் வந்த பிறகு கூட்டப்படும் முதல் கூட்டம் பெரும்பாலும் அறிமுகப் படலத்திலேயே முடிந்துவிடுகிறது. லாகோஸில் அந்தப் படலம் தேவைப்படவில்லை.

இனி, களத்து வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எபோலா நோயாளியோடு தொடர்பில் இருந்தவரை 21 நாட்கள் கண்காணிக்க வேண்டும். வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி தெரிய அதிகபட்சம் அத்தனை நாட்கள் ஆகலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பெயர், முகவரி, நோயாளியைக் கடைசியாகத் தொட்ட அல்லது நெருங்கிய தேதி, அதற்கு நேராக 21 கட்டங்கள். நாள்தோறும் கண்காணிப்பாளர் நேரில் போய், காய்ச்சல் பார்த்து, வாந்தி உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டுக் கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்று மாலைக் கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். காய்ச்சல் ஏறினால் வேறு குழு, வேறு வண்டி, பரிசோதனை. நோய் உறுதியானால் அவரைச் சுற்றி இன்னொரு பட்டியல், மறுபடி முதல் கட்டத்திலிருந்து.

72 பேரில் தொடங்கிய பட்டியல் கடைசியில் ஏறத்தாழ 900 பேராக வளர்ந்தது. அவர்களைப் பார்க்கப் போன நேரடிச் சந்திப்புகள் சுமார் 18,500. தொடர்பில் இருந்தவர்களின் வீடுகளைச் சுற்றி வசித்த ஏறத்தாழ 26,000 குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய் நோயைப் பற்றிச் சொன்னார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது தொழில்நுட்பம் என்ற சொல் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. வரைபடம் வழி காட்டியது உண்மைதான். கதவைத் தட்டியது மனிதர்கள்.

கதவைத் தட்டுவது எளிதும் அல்ல. குறிப்பிட்ட ஒரு வீட்டு வாசலில் தினமும் சுகாதாரத் துறை வண்டி நின்றால் தெருவுக்கு அது போதும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், கடைக்காரர் சாமான் கொடுக்க மாட்டார். அப்படிப்பட்ட வாசலில், சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே, ஒருவரிடம் நாளைக்கும் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொட்டு மருந்தை மறுத்த வாசல்களில் பல ஆண்டுகள் நின்று பேசிப் பழகியவர்கள் இருந்தது இங்கே உதவியது. வதந்திக்கும் அவர்கள் புதியவர்கள் இல்லை. உப்புநீரைக் குடித்தாலும் உப்புநீரில் குளித்தாலும் எபோலா வராது என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் கைப்பேசிக் குறுஞ்செய்திகள் பறந்தன. அதை நம்பி அளவுக்கு மீறி உப்புநீர் குடித்ததில் இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. எபோலா அதுவரை எட்டிப் பார்க்காத ஊர்களில் வதந்தி முதலில் உயிர் வாங்கியது.

வெற்றிக் கதையில் ஓட்டைகளும் இருந்தன. பெரிய ஓட்டை போர்ட் ஹார்க்கோர்ட். முதல் நோயாளியோடு தொடர்பில் இருந்த ஒருவர் லாகோஸில் கண்காணிப்பிலிருந்து நழுவி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்த எண்ணெய் நகரத்துக்குப் போனார். ஒரு விடுதி அறையில் ஒரு மருத்துவர் அவருக்கு மறைவாகச் சிகிச்சை செய்தார். போனவர் பிழைத்துக்கொண்டார். மருத்துவருக்கு நோய் தொற்றியது. அறிகுறிகள் தொடங்கிய பிறகும் அவர் சில நாட்கள் தன் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார், உறவினர்களும் நண்பர்களும் வந்துபோனார்கள், தேவாலயத்தார் வந்து தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று அவர் இறந்தார். அவர் மனைவிக்கும் நோய் வந்தது. 200 பேருக்கு மேல் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ந்தார்கள், அவர்களில் சுமார் 60 பேர் அதிக ஆபத்துக்கு உள்ளானவர்கள். லாகோஸிலிருந்து ஆட்கள் போய் அங்கேயும் அதே மாதிரி மையம் அமைத்தார்கள். மூன்று வாரத்துக்குள் அந்தச் சங்கிலியும் அறுந்தது.

லாகோஸிலிருந்து நழுவிய அந்த மனிதர் ஏன் ஓடினார் என்று கேட்பது பயனுள்ளது. பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த முதல் நாட்களில் லாகோஸின் யாபா பகுதியில் இருந்த தனிமைப்படுத்தும் வார்டு எப்படி இருந்தது என்று உயிர் மீண்டவர்கள் சொன்னதைக் கேட்டால் ஓடியதன் காரணம் புரியும். புழக்கத்தில் இல்லாத பழைய கட்டடம், கூப்பிட்டால் வர ஆளில்லாத நிலை, பக்கத்துப் படுக்கையில் மரணம். வார்டில் வேலை செய்ய மருத்துவர்களும் செவிலியர்களும் முன்வரத் தயங்கினார்கள். அங்கே பிழைத்தவர்கள் லிட்டர் கணக்கில் ஓ.ஆர்.எஸ். கரைசலை வற்புறுத்திக் குடித்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். குடிக்கத் தூண்டுவதற்கு ஒரு மருத்துவர் பக்கத்தில் இருந்தது அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சை வேறு, கண்காணிப்பு வேறு என்று ஆறு குழுக்களாகப் பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி. நோயாளியின் கண்ணில் அவை ஒன்றுதான். போய்ப் படுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்ற நம்பிக்கை இருந்தால்தான் காய்ச்சல் வந்தவர் தானே வந்து சொல்வார். கண்காணிப்பு ஏட்டில் விழும் காலிக் கட்டங்களில் பாதிக்குக் காரணம் வார்டில் இருக்கிறது என்பேன்.

பணமும் தாமதமாகத்தான் வந்தது. மத்திய அரசு 190 கோடி நைரா ஒதுக்கியதும் தேசிய நெருக்கடி என்று அறிவித்ததும் ஆகஸ்ட் 8ஆம் தேதி, மையம் தொடங்கி இரண்டு வாரத்துக்குப் பிறகு. வேலைநிறுத்தமோ ஆகஸ்ட் 24 வரை நீடித்தது. இடையில், நாட்டில் எபோலா பரவிக்கொண்டிருந்த அதே நாட்களில், அரசு 16,000 பயிற்சி மருத்துவர்களைப் பணிநீக்கம் செய்து உத்தரவிட்டது. ஒரு கை தீயை அணைக்க, மறு கை தண்ணீர்க் குழாயை மூடிய காட்சி. அந்த உத்தரவையும் மீறி இந்த முயற்சி வெற்றியடைந்தது என்பதைத்தான் மையத்தின் உண்மையான சாதனையாக நான் நினைக்கிறேன்.

அதிர்ஷ்டத்துக்கும் அதன் பங்கைக் கொடுக்க வேண்டும். முதல் நோயாளி விமானத்தில் வந்தார், பயணிகள் பட்டியல் இருந்தது. விமான நிலையத்திலேயே விழுந்தார், நகரத்துக்குள் அலையவில்லை. வேலைநிறுத்தம் இல்லாதிருந்தால் ஆயிரம் பேர் வந்துபோகும் அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவுக்கு அவர் போயிருப்பார். உள்ளூரிலேயே பி.சி.ஆர். பரிசோதனை செய்யும் ஆய்வகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அறிகுறி தெரிவதற்கு முன் எபோலா பிறருக்குத் தொற்றாது. சங்கிலியை எண்ண முடியும், எண்ண முடிந்ததை அறுக்க முடியும். கொரோனா அப்படியில்லை. இருமல் வருவதற்கு முன்பே தொற்றும் நோயை 21 கட்டங்கள் உள்ள தாளால் பிடிக்க முடியாது என்பதை 2020இல் இதைவிடப் பணக்கார நாடுகளும் கண்டுகொண்டன.

ஆகவே நைஜீரியாவையும் அண்டை நாடுகளையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. கினியின் மெலியாண்டு என்ற காட்டோரக் கிராமத்தில் 2013 டிசம்பரில் ஒரு குழந்தை இறந்ததில் தொடங்கிய நோய்க்கு 2014 மார்ச் மாதம்தான் பெயர் தெரிந்தது. அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது, மூன்று நாடுகள் சந்திக்கும் எல்லையில் மக்கள் சந்தைக்கும் சாவுக்கும் தாராளமாகப் போய்வந்தார்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்து பத்தாண்டே ஆகியிருந்த லைபீரியாவில், நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு மருத்துவர்கள் ஐம்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். கொள்ளைநோயை உலகளாவிய நெருக்கடி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது ஆகஸ்ட் 8 அன்று. பெயர் தெரிந்து நான்கரை மாதம் கழித்து.

இருந்தாலும் அங்கே ஒருங்கிணைப்பு என்ற பெயரில் செய்யப்பட்டவற்றில் சில, பணப் பற்றாக்குறையால் வந்தவை அல்ல. மன்ரோவியாவில் ஆரம்பக் கூட்டங்களில் அமைச்சர்கள், தூதரகங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று அறை நிறைந்திருக்கும், முடிவு இருக்காது. ஆகஸ்டில் சுகாதாரத் துறை அதிகாரி டோல்பர்ட் நியென்ஸ்வாவை நிகழ்வுப் பொறுப்பாளராக நியமித்து, அன்றாட வேலையை அரசியல் கூட்டங்களிலிருந்து பிரித்த பிறகுதான் நிலைமை கைக்குள் வரத் தொடங்கியது. அதே மாதத்தில்தான் வெஸ்ட் பாயிண்ட் என்ற மீனவர் குடிசைப் பகுதியை அரசு முள்வேலி போட்டுப் படையைக் கொண்டு அடைத்தது. வெளியேற முயன்ற மக்கள்மீது படையினர் சுட்டதில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பத்தே நாளில் வேலியை எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் ஐ.நா. தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு நோய்க்கென்று தனிப் பணிக்குழு அமைத்தது. அதன் தலைமையகம் கானாவின் அக்ராவில் இருந்தது. நோய் கானாவில் இல்லை.

நான்கு ஆண்டு கழித்து, காங்கோவின் வடக்குக் கிவு பகுதியில் 2018 ஆகஸ்டில் எபோலா வந்தபோது கையில் தடுப்பூசியே இருந்தது. மையங்களும் இருந்தன, நிபுணர்களும் இருந்தார்கள். ஆனால் இருபது ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களின் கையில் சிக்கிச் சீரழிந்த மக்கள், இத்தனை நாள் எங்களைப் படுகொலை செய்தபோது வராதவர்கள் இப்போது மட்டும் ஏன் வண்டி வண்டியாக வருகிறீர்கள் என்று கேட்டார்கள். சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் புட்டெம்போ நகர மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவர் ரிச்சர்ட் மூசோக்கோ சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலையில் காங்கோ ஜனாதிபதி, பொறுப்பைச் சுகாதார அமைச்சரிடமிருந்து எடுத்து, எபோலாவை முதன்முதலாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான ழான்-ழாக் முயெம்பேயிடம் கொடுத்தார். அமைச்சர் பதவி விலகினார். ஓய்வதற்குள் 2,280 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். யார் பொறுப்பு என்ற கேள்வியை நெருப்புக்கு நடுவே நின்று தீர்த்துக்கொள்வதற்கான விலை அது.

லாகோஸுக்குத் திரும்புவோம். அங்கே எபோலாவை நிறுத்திய மேசை போலியோவின் பணத்தில் போடப்பட்டது. 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்கா முழுவதும் இயற்கைப் போலியோ வைரஸ் ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டது. அதற்கு முன் கடைசியாக வைரஸ் இருந்த நாடு நைஜீரியாதான். ஒரு நோய் ஒழிந்தால் அதற்கான நிதி ஒழிவது இயல்பு. ஆனால் அந்த நிதியில் சம்பளம் வாங்கியவர்கள்தான் தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல், காலரா எல்லாவற்றுக்கும் முதல் தகவல் கொண்டுவந்தவர்கள். இந்தியாவிலும் இதே நிலை. 1997இல் தொடங்கிய தேசியப் போலியோ கண்காணிப்புத் திட்டத்தின் மருத்துவ அலுவலர்கள் பிற்பாடு தட்டம்மைக் கண்காணிப்பைப் பார்த்தார்கள், 2020இல் கொரோனா வேலைக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்தப் பொறுப்பைப் படிப்படியாக அரசு தன் கணக்கில் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நைஜீரியாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011இலிருந்து இயங்கியது. எபோலாவின்போது அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அமைச்சகத்தின் ஓர் அங்கமாகவே வேலை செய்தது. சட்டம் கையெழுத்தானது 2018 நவம்பரில், லாகோஸ் தப்பித்து நான்கு ஆண்டு கழித்து. அதன்படி மையத்துக்கு அதிகாரம் வந்தது, தலைவர் பதவி வந்தது, தனி நிதி ஒதுக்கீடு வந்தது. நாள்தோறும் கதவைத் தட்டிக் கட்டத்தை நிரப்ப வேண்டிய ஆட்களோ 36 மாநில அரசுகளின் கீழும் அவற்றுக்குக் கீழே உள்ள உள்ளாட்சிகளின் கீழும் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் எந்த மாதம் வரும் என்பதை அபுஜாவின் சட்டம் தீர்மானிப்பதில்லை.